ஆற்றில் போய்த் திரும்பிய தாய்மாமன் சேலை

உ

போடிநாயக்கனூர்,
கார்த்திகை 24, புதன்கிழமை.

தேவாரத்தில் தோட்டமும் துரவுமாக வாழும் என் மரியாதைக்குரிய மச்சான் ராஜாராம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மனைவி பொற்கொடியின் கூடப்பிறந்த தம்பி பிரபாகரன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி கலையரசியும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கு தாங்களும் அக்காவும் கல்யாணப்பெண் சுசித்ராவும் சுகமாக இருக்கவும், இந்த வருடமாவது யானை உங்கள் தென்னம்பிள்ளைகளை விட்டுவைக்கவும் நம் குலசாமியை வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா, போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் போனில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் இரண்டாவது நிமிடத்தில் "சரி மாப்ளே, மோட்டார் ஓடுது" என்று வைத்துவிடுவீர்கள். போதாததற்கு நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், அக்கா காதில் விழும். இது முதலில் உங்கள் கண்ணில் மட்டும் பட வேண்டிய விஷயம். அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுசித்ராவுக்குத் தாய்மாமன் சீராக நான் எடுத்த பட்டுச் சேலை ஆற்றில் போய்விட்டது. போன சேலை திரும்பியும் வந்துவிட்டது. அந்தச் சேலையை அக்கா கையால் வாங்குவாளா, மாட்டாளா என்பதுதான் இப்போது எனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் இருந்து சொல்கிறேன். ஏலக்காய்க் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதியவன் நான் என்பதும், அதனால் இங்கிலீஷ் சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டும் வியாதி எனக்கு உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், ஆறு வருடத்துக்கு முன் உங்கள் மூத்த மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போடத் தாய்மாமனை மைக்கில் ஆறு தடவை கூப்பிட்டபோது, நான் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ஆளை நிறுத்தி, அவர் கையில் இருந்த பக்கெட் என்ற சொல் எந்த ஊரில் பிறந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் வேறொருவர் மாலையைப் போட்டுவிட்டார். சபையில் அக்காவின் தலை குனிந்தது. "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்றாள், நானும் மிதிக்கவில்லை. மைக் செட் சரியில்லை, காதில் விழவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். போன மாதம் சுசித்ராவின் பத்திரிகை வைக்க நீங்கள் மட்டும் தாம்பாளத்தோடு வந்தீர்கள். அக்காவுக்குக் காய்ச்சல் என்றீர்கள். அவள் எங்கள் தெருமுனையில் காரிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு பால்காரர் சொல்லித்தான் தெரியும்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் சொல்லாராய்ச்சி எதுவும் கூடாது என்று கலையரசி உத்தரவு போட்டுவிட்டாள். ஆனால் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் முத்துப்பிரியா, அப்பாவுக்குப் பொழுது போக வேண்டுமே என்று, தினம் காலையில் ஓர் இங்கிலீஷ் சொல்லையும் அதன் வரலாற்றையும் போனுக்கு அனுப்பிவைக்கிறாள். போன வியாழக்கிழமை வந்த சொல் 'எடி'. ஓடுகிற தண்ணீரில் ஓரமாகச் சுழல்கிறதே, அதற்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர். சுழிதானே, இதில் என்ன இருக்கிறது என்று நானும் அலட்சியமாகத்தான் படிக்கத் தொடங்கினேன். மச்சான், படித்து முடித்தபோது என் கையில் இருந்த காப்பி ஆறிப்போயிருந்தது.

அந்தச் சொல் ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்துப் பக்கத்து எழுத்தில் தலைகாட்டுகிறதாம். அதற்கும் முன்னால் வடக்கே பனிக்கடலில் படகு விட்ட நார்வேக்காரர்கள் வாயில் 'இதா' என்று இருந்திருக்கலாமாம். கேட்டதும் நம் ஊர் ஆட்கள் சிலரைப் போல அவர்களையும் தமிழர்களாக்கிவிட எனக்கு நாக்கு துடித்தது. போன் போட்டேன். "அப்பா, பேசாம இருங்க. அறிஞர்களே அதுல முழுசா நிச்சயம் இல்லைங்கறாங்க, நீங்க புதுசா ஒண்ணக் கெளப்பாதீங்க" என்று முத்துப்பிரியா அதட்டினாள். சரி என்று விட்டுவிட்டேன். என்னை உலுக்கியது அதுவல்ல. அந்தச் சொல்லின் வேரில் இருப்பது 'மறுபடியும்', 'திரும்பவும்' என்கிற பொருளாம். சுழி என்று சொல்லும்போது நாம் அது சுற்றுவதைப் பார்க்கிறோம். அவர்கள் பார்த்தது அது திரும்பி வருவதை. ஓடுகிற தண்ணீரிலேயே ஒரு பங்கு வந்த வழியே திரும்புகிறது என்பதை எந்தக் காலத்திலோ, எந்தக் குளிரிலோ, பெயர் தெரியாத ஒருவன் நின்று பார்த்திருக்கிறான். பார்த்ததோடு போகாமல் அதற்கு ஒரு சொல்லும் செய்து வைத்திருக்கிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மச்சான். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன்.

அதோடு நிற்கவில்லை அந்தச் சொல். தண்ணீரில் இருந்து காற்றுக்குத் தாவியிருக்கிறது, புகைக்குத் தாவியிருக்கிறது, தெருப்புழுதிக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் போயிருக்கிறது. கடைசியில் கரண்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. எங்கள் வீட்டு இண்டக்சன் அடுப்பில் தீ இல்லை, பாத்திரம் மட்டும் எப்படிச் சுடுகிறது என்று என்றைக்காவது யோசித்தீர்களா? பாத்திரத்தின் அடித்தகட்டுக்குள் கரண்டு சுழிசுழியாகச் சுற்றுகிறதாம், அதற்கும் எடி என்றுதான் பெயராம். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுழியைப் பார்த்துவிடலாம் என்று பால் பாத்திரத்துக்குள் குனிந்தேன். பால் பொங்கி, அடுப்பு, மேடை, என் வேட்டி மூன்றையும் நனைத்தது. கலையரசி வந்து அடுப்பை அணைத்தாள். துடைக்கிற துணியை என் தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெண்ணுக்கு எடுத்த சீரை நேராகப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலில் குரங்கணிக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் நம் குலசாமியின் காலடியில் வைக்க வேண்டும். ஜீப் நிற்கும் இடத்தில் இருந்து சாமி வரைக்கும் தாய்மாமன்தான் சீர்ப்பெட்டியைத் தலையில் சுமக்க வேண்டும். நடுவில் கீழே இறக்கக் கூடாது. முக்கியமாக, வாய் திறந்து ஒரு பேச்சுப் பேசக் கூடாது. வாடகைக்கு ஜீப் ஓட்டும் பால்சாமியோடு காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். பனையோலைப் பெட்டியைக் கலையரசியே கட்டித் தந்தாள்: சேலை, கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம், மேலே ஒரு தேங்காய். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையில் வைக்கச் சொன்னேன், சாமிக்கு பிளாஸ்டிக் ஆகாது என்றுவிட்டாள். தோளில் ஒரு மஞ்சள் பையை மாட்டிக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு அரை மணி நேரம் வாயக் கட்டுங்க, போதும். அக்கா மகளுக்காக" என்றாள். நான் கையை அடித்துச் சத்தியம் செய்தேன்.

மழை பெய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஆற்றில் தண்ணீர் இடுப்பளவு, நல்ல இழுப்பு. தாண்டுகல்லில் கால் வைத்துப் போக வேண்டும். முன்னால் பால்சாமி, நடுவில் பெட்டியோடு நான், பின்னால் கலையரசி. பாதி ஆற்றில் ஜீப் அளவுக்கு ஒரு பாறை. அதற்குப் பின்பக்கம் தற்செயலாகப் பார்த்தேன். பாறையின் இரண்டு பக்கமும் தண்ணீர் இரைந்துகொண்டு கீழே ஓடுகிறது. பாறையின் முதுகில் ஒட்டினாற்போல் ஒரு பாய் அகலத் தண்ணீர் மட்டும் சத்தமே இல்லாமல் மேலே ஏறுகிறது. ஒரு காப்பி இலை அதில் ஏறிவந்து, பாறையைத் தொட்டு, சுற்றி, மறுபடியும் ஏறிவந்தது. முந்தின நாள் போனில் படித்தது உயிரோடு என் காலடியில்! ஐம்பத்தொன்பது வருடமாக இந்த ஆற்றைத் தாண்டுகிறேன், ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. சத்தியம் எங்கே போனதென்று தெரியவில்லை. "கலை, இந்தா பாரு, இதுதான் எடி!" என்று கத்திக்கொண்டு திரும்பினேன். கால் வழுக்கியது. நான் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம்.

கூப்பிட்டபோது போகாதவன், பேசாதே என்றபோது பேசினேன். இரண்டு தடவையும் அக்கா பிள்ளைகளின் காரியம். தண்ணீருக்குள் கிடந்த அந்த நேரத்தில் எனக்கு இதுதான் மனதில் ஓடியது. பாறையைப் பிடித்து எழுந்தபோது பெட்டி இருபதடி தள்ளி ஆடிக்கொண்டு போகிறது. கலையரசி ஒரு கையால் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஆத்தீ! மொதல்ல மேல வாங்க! பெட்டி போனாப் போகுது, மனுசன் போயிட்டா நான் என்ன செய்வேன்!"

பால்சாமி அதற்குள் கரையேறி ஓடத் தொடங்கியிருந்தான். "அண்ணே, வெரசா வாங்க! கீழ பாலத்துக்கிட்ட மடக்கிருவோம்!"

நான் ஓடவில்லை. கீழே ஆறு ஒரு பாறைச் சுவரில் முட்டி வளைகிற இடத்தில் ஒரு மடு இருக்கிறதே, அங்கே கரையோரமாகப் போய் நின்றேன். "ஓடாத பால்சாமி, அது இங்கன திரும்பி வரும்" என்றேன்.

"போன தண்ணி எங்கண்ணே திரும்பும்? தலையில அடிகிடி பட்டுருச்சா?" என்று கேட்டுவிட்டு அவன் ஓடிப்போய்விட்டான்.

மச்சான், இனி எழுதப்போவதை நீங்கள் நம்ப வேண்டும். பெட்டி நடு இழுப்பில் போய்ப் பாறைச் சுவரை நெருங்கியது. அங்கே ஒரு கணம் தயங்கியது. பிறகு இழுப்பை விட்டு விலகி, கரைப்பக்கம் ஒதுங்கி, என்னைப் பார்த்து வரத் தொடங்கியது. அத்தனை பெரிய ஆறு ஒரு பக்கம் அலறிக்கொண்டு வைகையைத் தேடி ஓடுகிறது, அதன் ஓரத்திலேயே ஒரு முழத் தண்ணீர் மலையைப் பார்த்து ஏறுகிறது, அதில் என் அக்கா மகளின் சேலை அசைந்து வருகிறது. முதல் சுற்றில் கைக்கு எட்டவில்லை, தேங்காய் மட்டும் உருண்டு விழுந்து போய்விட்டது. இரண்டாவது சுற்றில் விரல் பட்டது, பெட்டி தப்பியது. நான் முழங்கால் ஆழத்தில் கைகூப்பி நின்றேன். சாமியைக் கும்பிட்டேனா, தண்ணீரைக் கும்பிட்டேனா, அந்தச் சொல்லைச் செய்த பெயர் தெரியாத மனிதனைக் கும்பிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பயம் கொஞ்சமும் இல்லை. இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு பக்கத்தில் தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறதே என்ற பிரமிப்புதான் இருந்தது. மூன்றாவது சுற்றில் பெட்டி தானாக வந்து என் தொடையில் முட்டி நின்றது. மூச்சு வாங்க ஓடிவந்த பால்சாமி, பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

ஈரச் சேலையை எப்படிச் சாமிக்கு முன் வைப்பது? பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரியின் கையைக் காலைப் பிடித்து, பச்சை ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவில் சேலையை விரித்தோம். நான் ஒரு மூலையைக் காட்டினேன். "அங்க வேணாம் சாரே. அந்த மூலையில சூட்டுக்காத்து போகாம திரும்பித் திரும்பிச் சுத்தும், ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாது" என்றார் மேஸ்திரி. எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. வடகடல்காரன் பெயர் வைத்ததை இவர் பெயர் வைக்காமலேயே இருபது வருடமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்! இதை அவருக்கு விளக்க நான் உள்ளேயே நின்றேன், கலையரசி வெளியே உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா இரண்டு குடித்தாள். நான் பேசி முடித்தபோது சேலையின் முந்தானை, பொரித்த அப்பளத்தைப் போல மொரமொரவென்று ஆகிவிட்டிருந்தது. ஜரிகை மங்கியிருந்தது. "கலர் கொஞ்சம் வெளுத்துப்போச்சு, ரெண்டாம் தரத்துலதான் போகும்" என்று மேஸ்திரி பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். ஏலக்காய் வாசனை மட்டும் முதல் தரம். அதைத்தான் சாமி காலில் வைத்துக் கும்பிட்டு வந்தோம்.

இப்போது என் கவலை என்னவென்றால், தண்ணீரில் விட்டது விட்டதுதான், அதை மங்கல காரியத்துக்கு எடுக்கக் கூடாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். துக்க காரியத்தில்தானே ஆற்றில் விடுவோம். வேறு சேலை எடுத்து, வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடலாமா என்று கலையரசியிடம் கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. நடந்தத ஒளிக்காம மச்சானுக்கு எழுதிக் கேளுங்க, அவுக சொல்றபடி செய்வோம்" என்று தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். ஐந்து நாளாக எழுதுகிறேன். மேலே இருக்கும் பிள்ளையார் சுழியையே நாலு தாளில் போட்டுக் கிழித்தேன். சேலை நனைந்தது என்று எழுதப் போனால், ஏன் நனைந்தது என்று எழுத வேண்டியிருக்கிறது. அதை எழுதப் போனால் அதற்கு முந்தியதையும் எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே அக்காவுக்கென்று இந்த நாலு வரி.

அக்கா, அன்றைக்கு மைக்கில் ஆறு தடவை கூப்பிட்டார்கள். முதல் தடவையே என் காதில் விழுந்தது. பேச்சை முடித்துவிட்டுப் போகலாம், நான் இல்லாமலா தொடங்கிவிடுவார்கள் என்ற திமிரில் நின்றேன். அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன், மன்னித்துவிடு.

மச்சான், அந்த மடுவில் நின்றபோது எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. ஆற்றில் போன சேலையே திரும்பி வருகிறது என்றால், அது நல்ல சகுனமாகத்தான் இருக்க வேண்டும். போகவிட்டதைத் திருப்பித் தந்திருக்கிறது நம் சாமி. இப்படித்தான் அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். சேலை கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் சுசித்ரா அதை ஒரே ஒரு நாழிகை கட்டினால் போதும். வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

சுசித்ராவுக்கும் வரப்போகிற மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்கள் தோட்டத்துக் கிணறு வற்றாமல் இருக்கட்டும், மோட்டார் மட்டும் நான் போன் செய்யும்போது கொஞ்சம் நிற்கட்டும். பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு, அக்காவுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்ட இடம் இது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
பிரபாகரன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன். கலையரசி பசையோடு அந்த மஞ்சள் பையையும் கொண்டுவந்து மடியில் வைத்தாள். உள்ளே கடைக்காரன் மடித்த மடிப்புக் கலையாமல், பிளாஸ்டிக் உறையோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் சுசித்ராவின் பட்டுச் சேலை இருக்கிறது. அப்படியானால் ஆற்றில் போய், மூன்று சுற்றுச் சுற்றி, ஸ்டோரில் வெந்து, சாமியையும் பார்த்துவிட்டு வந்தது எது என்று கேட்டேன். "அது போன தீவாளிக்கு நீங்க எனக்கு எடுத்துக் குடுத்தது. எடுத்தவருக்கே அடையாளம் தெரியல. வேடிக்கை பாத்துக்கிட்டு நடக்குற ஆளு தலையில பட்டுச் சேலைய ஏத்த எனக்கென்ன பைத்தியமா? பையோட இதையும் சாமி கால்ல வச்சுத்தான் எடுத்தேன்" என்றாள். இதை ஆற்றங்கரையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே, ஐந்து நாளாக நான் தூங்கவில்லையே என்று கத்தினேன். "சொல்லிருந்தா ஆறு வருசமா எழுதாத கடுதாசிய இன்னைக்கு எழுதிருப்பீகளா?" என்றாள்.

உறையை ஒட்டாமல் இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன், மச்சான். சேலையைப் பற்றி மேலே எழுதிய அத்தனையையும் தயவுசெய்து அடித்துவிடுங்கள், சகுனம் உட்பட. அந்த நாலு வரி இருக்கும் தாளை மட்டும் கிழித்து அக்கா கையில் கொடுங்கள். படித்தாளா என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.